முதல் பதினைந்து நாள்: திடீர் இடுப்புவலியும் அக்குபங்சர் ஊசியும்

குடத்தைத் தூக்கக் குனிந்தவர் நிமிர முடியாமல் அப்படியே நின்றுவிடுவார். சிலருக்கு ஒரு தும்மலே போதும். ‘இடுப்புப் பிடிச்சிக்கிச்சு’ என்று சொல்லிக்கொண்டே சுவரைப் பிடித்தபடி கட்டிலுக்குப் போய்ச் சேருவார்கள். புரண்டு படுக்கவும் யாராவது கைகொடுக்க வேண்டியிருக்கும். மருத்துவம் இதைத் திடீர்க் கீழ்முதுகு வலி என்கிறது. தொடங்கி ஆறு வாரத்துக்குள் இருந்தால் திடீர் வலி, பன்னிரண்டு வாரத்தைத் தாண்டிவிட்டால் நாட்பட்ட வலி. 2020இல் உலகம் முழுவதும் 61.9 கோடிப் பேர் கீழ்முதுகு வலியோடு இருந்தார்கள் என்றும், 2050இல் அந்த எண்ணிக்கை 84.3 கோடியைத் தொடும் என்றும் உலக நோய்ச்சுமை ஆய்வு கணக்கிட்டிருக்கிறது. ஊனத்தோடு மனிதர்கள் கழிக்கும் ஆண்டுகளுக்கு உலகிலேயே முதல் காரணம் இதுதான்.

இப்படிப் பிடித்துக்கொண்ட இடுப்புக்கு அக்குபங்சர் ஊசி உதவுமா? இந்தக் கேள்விக்கு இதுவரை வந்த விடைகளைச் சேர்த்துப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது ஒரு குழப்பம். அக்குபங்சருக்கு ஆதரவாக எடுத்துக்காட்டப்படும் பெரிய ஆய்வுகள் ஏறக்குறைய எல்லாமே நாட்பட்ட வலியைப் பற்றியவை. ஜெர்மனியில் 1162 பேரை வைத்து நடந்து 2007இல் வெளியான ஜெராக் ஆய்வு அப்படிப்பட்டது. அமெரிக்க அரசின் மெடிகேர் காப்பீடு 2020 ஜனவரியில் அக்குபங்சருக்குப் பணம் தர ஒப்புக்கொண்டதும் நாட்பட்ட இடுப்புவலிக்கு மட்டும்தான். 90 நாளில் 12 அமர்வு, குணம் தெரிந்தால் மேலும் 8 என்பது அதன் கணக்கு. உலகச் சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டியும் நாட்பட்ட வலிக்கானது. 39 ஆய்வுகளில் பங்கேற்ற 20,827 பேரின் விவரங்களை ஒன்றாகச் சேர்த்து 2018இல் வெளிவந்த தொகுப்பும் நாட்பட்ட வலிகளை மட்டுமே எடுத்துக்கொண்டது. நேற்று பிடித்துக்கொண்ட இடுப்போடு வந்து நிற்பவரிடம் இந்தச் சான்றுகளைக் காட்டுவது சரியல்ல. ஆறு மாதமாக வலிப்பவரும் ஆறு நாளாக வலிப்பவரும் வேறுவேறு நோயாளிகள். அவர்களுக்குத் தேவையானதும் வேறு, அவர்களுக்கு நடக்கப்போவதும் வேறு.

நடக்கப்போவது என்ன என்பதில்தான் திடீர் வலியின் முடிச்சு இருக்கிறது. இதில் பெரும்பாலானவை தாமாகவே தணிகின்றன. ஆஸ்திரேலியாவில் ஏறத்தாழ 1650 பேரைக் கொண்டு நடந்து 2014இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வில், பாராசிட்டமால் தவறாமல் சாப்பிட்டவர்களில் பாதிப் பேர் 17 நாளில் குணமானார்கள். வலித்தபோது மட்டும் சாப்பிட்டவர்களில் பாதிப் பேருக்கும் 17 நாளே ஆனது. வெறும் மாவு மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 16 நாள். மருந்து எதையும் மாற்றவில்லை, நாள்கள்தான் ஆற்றின. அதற்கு முன் 2003இல் வந்த ஒரு தொகுப்பாய்வு, வேலைக்குப் போக முடியாமல் படுத்தவர்களில் 82 சதவீதம் பேர் ஒரு மாதத்துக்குள் வேலைக்குத் திரும்பினார்கள் என்று காட்டியது. அதே தொகுப்பில் இன்னொரு எண்ணும் இருக்கிறது. ஓராண்டுக்குள் 73 சதவீதம் பேருக்கு ஒரு முறையாவது வலி திரும்ப வந்தது. இடுப்புவலி சீக்கிரம் போகும், சீக்கிரம் திரும்பியும் வரும்.

இதனால்தான் திடீர் வலியில் எந்தச் சிகிச்சையும் நல்ல பேர் வாங்கிவிடுகிறது. வலி உச்சத்தில் இருக்கும் அன்றுதான் வைத்தியரைத் தேடிப் போகிறோம். உச்சத்திலிருந்து அடுத்து இறங்கத்தான் வேண்டும். இறங்கும் நாளில் இடுப்பில் ஊசி இருந்தால் ஊசிக்குப் புகழ், தைலம் இருந்தால் தைலத்துக்குப் புகழ். ‘எனக்கு மூன்றே நாளில் சரியாகிவிட்டது’ என்று ஒருவர் சொல்வது பொய் அல்ல. ஆனால் ஊசி போடாமல் இருந்திருந்தால் எத்தனை நாளில் சரியாகியிருக்கும் என்பதை அவரால் சொல்ல முடியாது. அதைச் சொல்லத்தான் குலுக்கல் முறையில் ஆள்களைப் பிரித்து, ஒரு பிரிவுக்கு ஊசியும் மற்றொரு பிரிவுக்கு வேறொன்றும் கொடுத்துப் பார்க்கும் ஆய்வுகள் வேண்டியிருக்கின்றன.

அந்த ஆய்வுகளுக்குள் போகுமுன், ஊசி போடும்போது என்னதான் நடக்கிறது என்று பார்த்துவிடலாம். ஊசி தலைமுடியைவிடச் சில மடங்கு தடிமனானது, சுமார் கால் மில்லிமீட்டர். மருந்து ஊசியைப் போல உள்ளே துளை கிடையாது, எதையும் உடலுக்குள் செலுத்துவதும் இல்லை. ஒரு சிறு பிளாஸ்டிக் குழாயைத் தோலின்மேல் நிறுத்தி, அதற்குள் இருக்கும் ஊசியின் தலையில் விரலால் லேசாகத் தட்டினால் முனை தோலைக் கடந்துவிடும். பிறகு குழாயை எடுத்துவிட்டு ஊசியை மெல்லத் திருகியபடி தசைக்குள் இறக்குகிறார்கள். குத்தும் வலியைவிடப் பிறகு வரும் உணர்வுதான் முக்கியம் என்பது அக்குபங்சர்காரர்களின் எண்ணம். கனமாக, மரத்துப்போனதுபோல, உள்ளே ஏதோ இழுப்பதுபோல ஓர் உணர்வு. அதைச் சீனத்தில் ‘தே சி’ என்பார்கள். அது வந்தால்தான் ஊசி சரியான இடத்தைத் தொட்டதாகக் கொள்கிறார்கள்.

இடுப்புவலிக்கு ஊசி போடும் இடங்கள் இடுப்பில் மட்டும் இல்லை. முதுகெலும்புக்கு இருபுறமும் உள்ள புள்ளிகளோடு, முழங்காலின் பின்பக்க மடிப்பின் நடுவே உள்ள ‘வெய்சோங்’ புள்ளி காலங்காலமாகப் பெயர்பெற்றது. புறங்கையில், விரல் எலும்புகளுக்கு நடுவே, திடீர்ப் பிடிப்புக்கென்றே இரண்டு புள்ளிகள் உண்டு. அங்கே ஊசியைக் குத்தி அதைத் திருகிக்கொண்டே, ‘இப்போது இடுப்பை மெல்ல அசையுங்கள், நடந்து பாருங்கள்’ என்பார்கள். திடீர் வலியின் சிகிச்சைக்கும் நாட்பட்ட வலியின் சிகிச்சைக்கும் கண்ணால் காணக்கூடிய வேறுபாடு இதுதான். நாட்பட்ட வலிக்காரர் குப்புறப் படுத்து அரைமணி நேரம் அசையாமல் கிடப்பார். திடீர் வலிக்காரரைக் கையில் ஊசியோடு நடக்கவிடுவார்கள். இடுப்புவலிக்கு எங்கே குத்துவது என்பதற்குத் தனி அத்தியாயமே வைத்திருக்கும் நூல் ‘ஹுவாங்தி நெய்ஜிங்’. சுமார் இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுள்ளது. அவ்வளவு காலம் புழங்கிய ஒன்றை ஆராயாமல் தள்ளக் கூடாது. பழமை ஒன்றையே சான்றாகவும் கொள்ளக் கூடாது.

இனி ஆய்வுகள். காக்ரேன் அமைப்பு 2005இல் இடுப்புவலி அக்குபங்சரைப் பற்றிய 35 ஆய்வுகளைத் தொகுத்தபோது அவற்றில் மூன்று மட்டுமே திடீர் வலியைப் பற்றியவை. அதை வைத்து எதையும் சொல்ல முடியாது என்று தொகுப்பாளர்கள் முடித்தார்கள். 2013இல் கொரிய ஆய்வாளர்கள் செய்த தொகுப்பில் எண்ணிக்கை 11 ஆய்வுகள், 1139 பேர் என்று உயர்ந்தது. அதில் இரண்டு முடிவுகள் கவனிக்கத்தக்கவை. வீக்கத்தையும் வலியையும் குறைக்கும் மாத்திரைகளோடு ஒப்பிட்ட ஐந்து ஆய்வுகளில், குணம் கண்டவர்களின் விகிதம் ஊசிப் பிரிவில் 1.11 மடங்கு. மாத்திரையில் 100 பேர் தேறினால் ஊசியில் 111 பேர் தேறுவார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். போலி ஊசியோடு ஒப்பிட்ட இரண்டு ஆய்வுகளில், 100 புள்ளி அளவுகோலில் வலி சுமார் 9.4 புள்ளி கூடுதலாகக் குறைந்தது. ஆனால் குனிவது, நிமிர்வது, வேலை பார்ப்பது போன்ற அன்றாடத் திறனில் வேறுபாடு எதுவும் தெரியவில்லை.

9.4 புள்ளி என்பது பெரிதா, சிறிதா? நூற்றுக்குப் பத்துப் புள்ளியாவது குறைந்தால்தான் நோயாளிக்கே வேறுபாடு தெரியும் என்பது பொதுவான கணிப்பு. அதை வைத்துப் பார்த்தால் சிறிது. ஆனால் ஒப்பிட வேண்டிய இன்னொரு எண் இருக்கிறது. இதே திடீர் வலிக்கு நாம் முதலில் விழுங்கும் ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகளைப் பற்றி 2020இல் காக்ரேன் வெளியிட்ட தொகுப்பில், வெற்று மாத்திரையைவிட அவை கூடுதலாகக் குறைத்தது ஏறத்தாழ 7.3 புள்ளி. எவரும் அந்த மாத்திரைகளைப் போலி மருத்துவம் என்று சொல்வதில்லை. இரண்டு எண்களையும் ஒரே தராசில் வைத்துவிட முடியாது என்பது உண்மைதான். மாத்திரையின் எண் நிறையப் பேரைச் சோதித்து வந்தது, ஊசியின் எண் இரண்டே சிறு ஆய்வுகளிலிருந்து வந்தது. ஆனாலும் ஊசிக்கு ஓர் அளவுகோல், மாத்திரைக்கு ஓர் அளவுகோல் என்று வைத்துக்கொண்டு பேசுவதை நாம் விட வேண்டும். பாராசிட்டமால் தோற்றது. 2023இல் வெளியான மற்றோர் ஆஸ்திரேலிய ஆய்வில் 347 பேரிடம் ஓப்பியாய்டு மருந்தைச் சோதித்தபோது அதுவும் வெற்று மாத்திரையைத் தாண்டவில்லை. திடீர் இடுப்புவலிக்கு வலுவான மருந்து என்று எதுவும் இன்று இல்லை. எல்லாமே சிறு உதவிகள்தான். இந்தச் சூழலில்தான் ஊசியையும் எடைபோட வேண்டும்.

போலி ஊசி எப்படி இருக்கும் என்று பலர் கேட்பதுண்டு. ஜெர்மனியில் 1998இல் ஷ்ட்ரைட்பெர்கர் என்பவர் வடிவமைத்த ஊசிக்கு மழுங்கிய முனை. தோலில் அழுத்தியதும் ஊசித்தண்டு கைப்பிடிக்குள் போய்விடும், நாடகத்தில் குத்துவாள் பிடிக்குள் மடங்குவதைப்போல. பார்ப்பவருக்கும் படுத்திருப்பவருக்கும் ஊசி உள்ளே போனதாகவே தோன்றும். 2009இல் அமெரிக்காவில் 638 பேரிடம் நடந்த ஓர் ஆய்வில் பல்குச்சியைக் குழாய்க்குள் வைத்துத் தோலைத் தொட்டார்கள். நாட்பட்ட வலியைப் பற்றிய அந்த ஆய்வில் பல்குச்சி பட்டவர்களுக்கும் ஊசி போட்டவர்களுக்கும் ஏறக்குறைய ஒரே அளவு குணம். இரு பிரிவினருமே வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட நன்றாக இருந்தார்கள். ஜெராக் ஆய்விலும் இதே கதைதான். ஆறு மாத முடிவில் உண்மை ஊசியில் 47.6 சதவீதம், போலி ஊசியில் 44.2 சதவீதம், வழக்கமான சிகிச்சையில் 27.4 சதவீதம் பேருக்குப் பலன்.

திடீர் வலியில் இந்தக் கேள்வியை நேராகச் சோதித்த ஆய்வு ஸ்பெயினில் நடந்தது, 2012இல் ‘பெயின்’ இதழில் வெளியானது. 275 நோயாளிகளை நான்கு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். மற்ற மூன்று பிரிவுகளுக்கு அதோடு முறைப்படியான ஊசி அல்லது இரு வகைப் போலி ஊசிகளில் ஒன்று. இரண்டு வாரத்தில் ஐந்து அமர்வுகள். மூன்றாம் வாரம் அளந்தபோது ஊசிப் பிரிவுகள் மூன்றுமே வழக்கமான சிகிச்சையை மிஞ்சியிருந்தன. ஆனால் மூன்றுக்குமிடையே வேறுபாடு இல்லை. இந்தத் துறையில் எனக்கு மிக முக்கியமாகப் படும் ஆய்வு இதுதான். அக்குபங்சரை முழுசாக நம்புகிறவரையும் முழுசாக மறுக்கிறவரையும் இது ஒரே நேரத்தில் சங்கடப்படுத்துகிறது. நாடிவழிகள், குறிப்பிட்ட புள்ளிகள் என்று கட்டப்பட்ட கோட்பாடு இங்கே கைகொடுக்கவில்லை. அதேசமயம், ஊசியின் பேரில் ஒருவர் நோயாளியோடு உட்கார்ந்து, உடலைத் தொட்டு, ஏதோ ஒன்றைச் செய்தபோது நோயாளி வேகமாகத் தேறியிருக்கிறார். தனக்கு ஊசி கிடைக்கவில்லையே என்ற ஏமாற்றம் வழக்கமான சிகிச்சைப் பிரிவின் முடிவைக் கொஞ்சம் கெடுத்திருக்கவும் கூடும். அதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

இங்கே ஒரு செய்தி சொல்ல வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டில் ஊசியே இல்லாமல் விரலால் புள்ளியைத் தொட்டுச் செய்யும் முறையும் பரவியிருக்கிறது. போலி ஊசி வேலை செய்ததென்றால் தொடுசிகிச்சைக்கும் அதுவே சான்று என்று சிலர் வாதிடுவதைக் கேட்டிருக்கிறேன். அப்படிக் கொள்ள முடியாது. எந்த இடத்தைத் தொட்டாலும் ஒன்றுதான் என்பதே அந்த ஆய்வுகளின் முடிவு. ஒரு குறிப்பிட்ட புள்ளியைத் தேர்ந்தெடுப்பதில்தான் தங்கள் கலையே இருக்கிறது என்பவர்களுக்கு அது எதிரான சான்று.

அவசரச் சிகிச்சைப் பிரிவிலேயே ஊசியைச் சோதித்த ஆய்வு மெல்போர்னில் நடந்தது. நான்கு மருத்துவமனைகள், 528 நோயாளிகள். அவர்களில் பாதிப் பேர் திடீர் இடுப்புவலிக்காரர்கள், மற்றவர்களுக்குக் கணுக்கால் சுளுக்கோ ஒற்றைத் தலைவலியோ. ஒரு பிரிவுக்கு ஊசி மட்டும், ஒரு பிரிவுக்கு மருந்து மட்டும், ஒரு பிரிவுக்கு இரண்டும். 2017இல் முடிவு வந்தபோது, இடுப்புவலியைப் பொறுத்தவரை ஊசி மருந்துக்குச் சமம் என்ற செய்திதான் பத்திரிகைகளில் பெரிதாகப் பேசப்பட்டது. அதே அறிக்கையின் மறுபக்கத்தை யாரும் அவ்வளவாகச் சொல்லவில்லை. ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தபோது எந்தப் பிரிவிலும் 40 சதவீதம் பேருக்குக்கூடக் குறிப்பிடும்படி வலி குறையவில்லை. 80 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் பத்துக்கு நான்கோ அதற்கு மேலோ வலியோடுதான் இருந்தார்கள். இரண்டு சிகிச்சைகள் சமம் என்றால் இரண்டும் நல்லவை என்று பொருளாகிவிடாது. இங்கே இரண்டுமே முதல் மணி நேரத்தில் போதவில்லை. ஆனாலும் இரண்டு நாள் கழித்துக் கேட்டபோது ஊசி மட்டும் பெற்றவர்களில் 82.8 சதவீதம் பேர் மறுபடி வந்தாலும் இதையே ஏற்போம் என்றார்கள். மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்கள், வயிற்றுப்புண் உள்ளவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் வலியோடு வரும்போது இந்த முடிவுக்கு மதிப்பு உண்டு.

இதற்கு நேரெதிரான படத்தைக் காட்டுவது 2013இல் வந்த கொரிய ஆய்வு. கடும் வலியால் முடங்கிய 58 பேரில் ஒரு பிரிவுக்கு ஊசி குத்தியபடியே தாங்கிப் பிடித்து நடக்க வைத்தார்கள், மற்றொரு பிரிவுக்கு டைக்ளோஃபெனாக் ஊசி மருந்து. அரைமணி நேரத்தில், பத்துப் புள்ளி அளவுகோலில், நடந்தவர்களின் வலி மற்றவர்களுடையதைவிட 3.12 புள்ளி கூடுதலாகக் குறைந்தது. இடுப்புவலி ஆய்வுகளில் இவ்வளவு பெரிய வேறுபாட்டைக் காண்பது அரிது. அதனாலேயே நிதானம் தேவை. போலி ஊசிப் பிரிவு அதில் இல்லை. யாருக்கு என்ன கிடைத்தது என்பது எல்லோருக்கும் தெரியும். குணப்படுத்தியது ஊசியா, பயந்து படுத்திருந்தவரை இரண்டு பேர் தாங்கி எழுப்பி நடக்க வைத்ததா? எனக்கு இரண்டாவதன் மேல்தான் சந்தேகம் அதிகம். திடீர் இடுப்புவலிக்குப் படுக்கை ஓய்வு கூடாது, முடிந்தவரை நடமாட வேண்டும் என்பது இன்று எல்லா நாட்டு வழிகாட்டிகளும் ஒருமித்துச் சொல்லும் அறிவுரை. ‘அசையாதே, ஜவ்வு விலகிவிடும்’ என்ற அச்சம் நம் வீடுகளில் இன்னும் ஆழமாக இருக்கிறது. கையிலிருக்கும் ஊசி அந்த அச்சத்தைத் தாண்டி ஒருவரை நடக்க வைக்கிறது என்றால் அதுவே ஒரு பயன்தான்.

எந்த நாட்டிலிருந்து ஆய்வு வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். 1998இல் விக்கர்ஸ் என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் அதுவரை வெளியான அக்குபங்சர் ஆய்வுகளை நாடுவாரியாகப் பிரித்தார்கள். சீனா, ஜப்பான், ஹாங்காங், தைவான் ஆகிய இடங்களிலிருந்து வந்த ஒவ்வோர் ஆய்வும் ஊசிக்குச் சாதகமாகவே முடிந்திருந்தது. எந்தச் சிகிச்சையும் ஒரு முறைகூடத் தோற்காமல் இருக்க முடியாது. தோற்ற ஆய்வுகள் அச்சேறவில்லை என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் தோன்றவில்லை. திடீர் இடுப்புவலித் தொகுப்புகளிலும் ஆசிய ஆய்வுகளின் பங்கு கணிசம் என்பதால், 1.11 மடங்கு என்ற அந்த எண்ணைச் சற்றுத் தள்ளியே படிக்கிறேன்.

மருத்துவ வழிகாட்டிகளும் ஒன்றோடொன்று மோதுகின்றன. அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2017இல், திடீர் வலிக்கு மாத்திரைக்கு முன்பே வெந்நீர் ஒத்தடம், மசாஜ், அக்குபங்சர், முதுகெலும்பைக் கையால் சரிசெய்தல் ஆகியவற்றை முயலலாம் என்றது. அதே வரியில், ஒத்தடத்துக்குச் சான்று நடுத்தரம், மற்ற மூன்றுக்கும் சான்று தாழ்ந்த தரம் என்றும் குறித்திருக்கிறது. ஊசியைப் பரிந்துரைத்ததை எடுத்துச் சொல்பவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள். நம் பாட்டிமார் துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து வைத்த ஒத்தடம் அந்தப் பட்டியலில் ஊசியைவிட மேலான இடத்தில் இருக்கிறது. பிரிட்டனின் நைஸ் அமைப்போ 2009இல் ஆறு வாரம் தாண்டிய இடுப்புவலிக்குப் பத்து அமர்வுவரை அக்குபங்சர் தரலாம் என்று சொல்லி, 2016இல் இடுப்புவலிக்கு அதைத் தரவே வேண்டாம் என்று திரும்பிவிட்டது. இரு அமைப்புகளும் பார்த்த சான்றுகளில் பெரிய வேறுபாடு இல்லை. போலி ஊசியை வெல்ல வேண்டும் என்றது ஒன்று, நோயாளிக்கு ஆபத்தின்றி ஏதேனும் நன்மை வந்தால் போதும் என்றது மற்றொன்று.

உடலுக்குள் எதுவும் நடப்பதில்லை என்றும் சொல்லிவிட முடியாது. டொராண்டோவில் புரூஸ் பொமரான்ஸ் 1970களில் எலிகளில் செய்த சோதனையில், ஊசியால் வந்த வலித்தணிப்பு நாலக்சோன் மருந்து கொடுத்ததும் மறைந்தது. அபினி வகைப் பொருள்களைத் தடுப்பது அந்த மருந்து. உடலே சுரக்கும் எண்டார்ஃபின்கள் இதில் பங்குபெறுகின்றன என்பதற்கு அது சான்றானது. 2010இல் ரோசெஸ்டர் ஆய்வகம், ஊசி குத்திய இடத்தில் அடினோசின் என்ற பொருள் பெருகி வலியுணர்வை மட்டுப்படுத்துவதை எலிகளில் காட்டியது. இவை நல்ல உடலியல் ஆய்வுகள். ஆனால் எந்த இடத்தில் குத்தினாலும், ஓரளவுக்குத் தோலைச் சீண்டினாலும்கூட இவற்றில் சில நிகழக்கூடும். புள்ளிக் கோட்பாட்டை இவை நிறுவவில்லை.

ஆபத்தைப் பற்றி உறுதியாகவே பேசலாம். ஜெர்மனியில் 2,29,230 பேரைக் கண்காணித்து 2009இல் வெளியான ஆய்வில் 8.6 சதவீதம் பேருக்கு ஏதாவதொரு பக்கவிளைவு இருந்தது. பெரும்பாலும் சிறு ரத்தக்கசிவு, கன்றிப்போதல், வலி. நுரையீரலைச் சுற்றிக் காற்றுப் புகுந்தது இரண்டு பேருக்கு. அவர்கள் எல்லோருக்கும் ஊசி போட்டவர்கள் பயிற்சிபெற்ற மருத்துவர்கள் என்பதை மறக்கக் கூடாது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் ஊசி, உறை நம் கண்முன்னே பிரிக்கப்படுவது, போடுபவருக்கு உடற்கூறு தெரிந்திருப்பது ஆகிய மூன்றும் இருந்தால் கீழ்முதுகு ஊசி பாதுகாப்பானதே.

உண்மையான ஆபத்து ஊசியில் இல்லை, ஊசியை நம்பி வேறொன்றைத் தவறவிடுவதில் இருக்கிறது. சிறுநீர் கழிக்க முடியாமல் போனாலோ, மலங்கழிக்கும் இடத்தைச் சுற்றி மரத்துப்போனாலோ, இரு கால்களும் பலமிழந்தாலோ அது தண்டுவட நரம்புக்கற்றை நசுங்குவதன் அடையாளம். சில மணி நேரத்துக்குள் அறுவைச் சிகிச்சை வேண்டியிருக்கும். முதியவர் விழுந்தபின் வரும் வலி எலும்பு முறிவாக இருக்கலாம். காய்ச்சல், எடை குறைவு, இரவில் படுத்தாலும் விடாத வலி ஆகியவை நம் நாட்டில் இன்னொன்றையும் நினைவூட்ட வேண்டும். உலகக் காசநோயாளிகளில் நான்கில் ஒருவர் இந்தியாவில் இருக்கிறார். முதுகெலும்புக் காசநோய் முதலில் சாதாரண இடுப்புவலியாகவே தொடங்கும். ஊசி போடும் எவரும் இந்தக் கேள்விகளைக் கேட்காமல் ஊசியை எடுக்கக் கூடாது. கேட்காமல் எடுப்பவரிடம் முதுகைக் காட்ட வேண்டாம்.

இந்தியாவுக்கு இந்த முறை வந்தது ஒரு மருத்துவரின் ஆர்வத்தால். 1938இல் சீனாவுக்குப் போன ஐவர் கொண்ட இந்திய மருத்துவக் குழுவில் துவாரகாநாத் கோட்னிஸோடு பி.கே. பாசுவும் இருந்தார். பின்னாளில் சீனாவுக்குத் திரும்பப் போய் அக்குபங்சரைக் கற்றுக்கொண்டு 1959இல் கல்கத்தாவில் சிகிச்சையைத் தொடங்கினார். இலங்கையில் கொழும்பின் களுபோவில மருத்துவமனையில் ஆன்டன் ஜயசூரிய கற்பித்ததும் இப்பகுதியில் இது பரவ ஒரு காரணம். மேற்கு வங்கம் 1996இலும் மகாராஷ்டிரம் 2015இலும் தனிச்சட்டம் இயற்றின. மத்திய அரசு 2003 ஆணையில் இதை ஒரு சிகிச்சை முறையாக அனுமதித்தது. இவ்வளவுக்குப் பிறகும், ஊசி போடுபவர் ஐந்தரை ஆண்டு இயற்கை மருத்துவப் பட்டம் படித்தவரா, சில வாரச் சான்றிதழ் வாங்கியவரா என்று பலகையைப் பார்த்து நோயாளியால் கண்டுபிடிக்க முடிவதில்லை.

திடீர் வலியில் எனக்கு உண்மையாகவே வருத்தம் தருவது ‘பத்து அமர்வு’ என்று முதல்நாளே பணம் கட்டச் சொல்லும் வழக்கம். அந்தப் பத்து என்ற எண் நாட்பட்ட வலியின் ஆய்வுகளிலிருந்து வந்தது. பாதிப் பேர் இரண்டரை வாரத்தில் தாமே தேறிவிடும் ஒரு வலிக்கு ஐந்து வாரச் சிகிச்சையை விற்பதற்கு எந்தச் சான்றும் இல்லை. திடீர் வலியைப் பற்றி இங்கே விவரித்த தனி ஆய்வுகளில் சோதிக்கப்பட்டவை ஓர் அமர்வும், இரு வாரத்தில் ஐந்து அமர்வுகளும்தான். ஒன்றிரண்டு அமர்வில் நடமாட்டம் எளிதாகவில்லை என்றால் மேலும் குத்துவதில் பொருளில்லை. ஆறு வாரம் தாண்டியும் வலி நின்றால் அது வேறு கேள்வி, அப்போது வேறு மருத்துவரிடம் முழுப் பரிசோதனையோடு தொடங்க வேண்டும்.

கடைசியாக நார்வே ஆய்வு. பொதுமருத்துவர்களே தம் மருத்துவமனையில் ஒரே ஒரு முறை ஊசி போட்டார்கள். 171 பேர். 2020இல் முடிவு வெளியானது. வழக்கமான சிகிச்சையில் பாதிப் பேர் குணமாக 14 நாள், ஊசியும் சேர்ந்தபோது 9 நாள். புள்ளியியல் கணக்கில் இந்த வேறுபாடு தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்பதால் ஊசி பயன் தரவில்லை என்றே ஆய்வாளர்கள் எழுதினார்கள். முறைப்படி அது சரி. ஆனால் அந்த ஐந்து நாளைக் கடந்து போக எனக்கு மனம் வரவில்லை. மாதச் சம்பளக்காரருக்கு ஐந்து நாள் என்பது மருத்துவ விடுப்பு. நாற்று நடுபவருக்கும் சித்தாளுக்கும் மூட்டை தூக்குபவருக்கும் அது ஐந்து நாள் கூலி. உலகில் இதுவரை நடந்த திடீர் வலி ஆய்வுகளில் பெரிதாகப் பேசப்படுபவை ஸ்பெயின், நார்வே, கொரியா, ஆஸ்திரேலியாவில் நடந்தவை. தினக்கூலியில் வாழ்பவரிடம் ‘எந்த நாளில் வேலைக்குத் திரும்பினீர்கள்’ என்ற கேள்வியை மையமாக வைத்து அவை நடக்கவில்லை.

நார்வேயில் தெரிந்த அதே வேக வேறுபாடு உண்மையா, தற்செயலா என்று உறுதிசெய்ய வேண்டுமானால், என் கணக்கில் ஏறத்தாழ 700 பேராவது குணமாகும்வரை பின்தொடரப்பட வேண்டும். ஒரு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சை, ஒரு பிரிவுக்கு அதோடு உண்மை ஊசி, ஒரு பிரிவுக்கு மழுங்கிய ஊசி. மூவருக்கும் ஒரே அளவு நேரம் உட்கார்ந்து பேசுவது, ஒரே அறிவுரை, ஒரே ஒத்தடம். வலி தொடங்கிய மூன்று நாளுக்குள் வந்தவர்களை மட்டும் சேர்க்க வேண்டும், தாமதித்தால் வலி தானாகவே இறங்கத் தொடங்கிவிடும். தமிழ்நாட்டின் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு ஒவ்வொரு நாற்று நடவுப் பருவத்திலும் இந்த வலியோடு பெண்கள் வருகிறார்கள். சென்னை அரும்பாக்கத்தில் அரசே நடத்தும் யோகா, இயற்கை மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. ஊசி போடத் தெரிந்தவர்கள், நோயாளிகள், பதிவேடு மூன்றும் அரசின் கையிலேயே இருக்கின்றன. ஒரு நடவுப் பருவத்தில் தொடங்கி அடுத்த பருவத்துக்குள் முடித்துவிடக்கூடிய ஆய்வு இது.